மூணாம் கிளாஸ் படித்தவர் செய்த மோட்டாரும், மூன்றாம் ஆண்டு படிக்கும் நான் மாட்டிய புல்லியும்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். யாரை எழுதலாம் என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கோவை தந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு அவர்களைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு புல்லி. ஆமாம், மோட்டார் ஷாஃப்ட்டில் மாட்டுகிற அதே புல்லிதான்! சிரிக்காமல் படியுங்கள். அந்தப் புல்லி எங்கள் வீட்டில் ஒரு உயிருக்கே உலை வைத்திருக்கும்.

பெருங்களத்தூரில் நடந்தது

எங்கள் வீடு பெருங்களத்தூரில். இரண்டாம் ஆண்டு லீவில் எனக்கு ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. மரம் கடையும் சின்ன லேத் ஒன்றை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். 1440 ஆர்.பி.எம். பழசுதான், ஆனால் நன்றாக ஓடியது. அதே சந்தையில் வேறொரு கடையில் மூன்று அங்குல புல்லியும் கிடைத்தது. தாம்பரம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி வந்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஷாஃப்ட் 14 மில்லிமீட்டர், புல்லியின் துளை 16 மில்லிமீட்டர். ஷாஃப்ட்டில் கீ உட்காரும் காடி இருந்தது, கீ இல்லை. பழைய சொந்தக்காரர் எங்கேயோ தொலைத்திருக்கிறார். புல்லியிலோ காடியே இல்லை, ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ மட்டும்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பழைய டப்பாத் தகட்டைக் கத்தரித்து ஷாஃப்ட்டைச் சுற்றி நாலு சுற்று சுற்றினேன். அதன் மேல் புல்லியைத் தட்டி ஏற்றி, கிரப் ஸ்க்ரூவை முழு பலத்தோடு முறுக்கினேன். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன்.

மெஷின் ஓடியது. முதல் நாள் ஒரு பம்பரம்கூடக் கடைந்தேன். புல்லி கொஞ்சம் ஆடியது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் உளி மரத்தில் மாட்டிக்கொண்டது. மரம் நின்றது, பெல்ட் நின்றது, மோட்டார் மட்டும் நிற்கவில்லை. தகடு கிழிந்து, புல்லி ஷாஃப்ட்டை விட்டுக் கழன்று பறந்தது. சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் குடம் இரண்டாகப் பிளந்தது. அந்தக் குடத்துக்கு இரண்டடி தள்ளி என் தங்கை உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அம்மா திட்டினார்கள் என்பதற்காக இல்லை. கீ பற்றிப் பாடத்தில் படித்து, பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியவன் நான். அந்தக் காலிக் காடியைக் கண்ணால் பார்த்துவிட்டும் கடந்து போயிருக்கிறேனே என்ற வெட்கம்தான்.

பட்டறையில் கேட்ட கதை

மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மோட்டாரையும் புல்லியையும் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், வயது அறுபதுக்கு மேல். கிழிந்த தகட்டைப் பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை. என்ன படிக்கிறாய் தம்பி என்று மட்டும் கேட்டார். டிப்ளமா மெக்கானிக்கல் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, இந்த நாட்டில் மோட்டார் செய்து காட்டிய ஆள் மூணாம் கிளாஸைத் தாண்டாதவர் என்று சொல்லி, ஜி.டி. நாயுடுவின் கதையை ஆரம்பித்தார். வேலை முடிகிற வரையில் கதையும் ஓடியது. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கலங்கலில் பிறந்த கலைஞன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி கோவைக்கு அருகே கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். ஆனால் தமிழில் கிடைத்த புத்தகங்களைத் தானாகவே படித்துக்கொண்டு, காட்டு வேலைகளைப் பார்த்துவந்தார்.

அந்த வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள்! வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற கம்பெனியின் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்று இளைஞர் துரைசாமி அசந்துபோனார். அசந்துபோவதோடு நம்மில் பலர் நின்றுவிடுவோம். அவர் நிற்கவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சப்ளையர் வேலை பார்த்தார். காசு காசாகச் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியிடமே போய் அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார். மறுபடியும் பூட்டினார். எந்தப் பாகம் எதைப் பிடித்திருக்கிறது, எதை எடுத்தால் எது நிற்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்துபோனது. அவர் படித்த பாலிடெக்னிக் அந்த மோட்டார் சைக்கிள்தான் என்றால் மிகையாகாது.

ஒரு பஸ்ஸில் தொடங்கி...

நடுவில் பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் பார்த்தார். பம்பாய்க்குப் போய் அந்தப் பணத்தை இழந்தும் வந்தார். கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். டிரைவரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமானது. கோவை வட்டாரத்தில் யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தெரியாதவர் அந்தக் காலத்தில் இருந்திருக்க முடியாது.

பஸ் முதலாளியாகிவிட்டோம், இனி நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம் என்று அவர் நினைக்கவில்லை. வெளிநாடுகளுக்குப் போனார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் பொருத்திய சவர ரேஸரை உருவாக்கினார். ரசந்த் என்ற பெயரில் ஜெர்மனியில் அது தயாரானது. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று அவருடைய பட்டியல் நீளம். பருத்தி, பப்பாளி என்று விவசாய ஆராய்ச்சியையும் அவர் விடவில்லை. சர் சி.வி. ராமன் அவர்களே அவரை வியந்து பாராட்டியிருக்கிறார்.

1937: நம்ம ஊர் மோட்டார்

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம்.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மலையிலிருந்து கோவைக்கு மின்சாரம் இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின. அதற்கு முன்னெல்லாம் ஒரு தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய என்ஜின் இருக்கும். அது கூரைக்குக் கீழே ஓடும் ஒரு நீளமான ஷாஃப்ட்டைச் சுற்றும். அந்த ஷாஃப்ட்டில் வரிசையாகப் புல்லிகள். ஒவ்வொரு புல்லியிலிருந்தும் ஒவ்வொரு மெஷினுக்கு ஒரு பெல்ட். மின்சாரம் வந்த பிறகு மெஷினுக்கு ஒரு மோட்டார் வைக்கலாம், கிணற்றுக்கு ஒரு மோட்டார் வைக்கலாம் என்ற நிலை பிறந்தது. ஆனால் மோட்டாருக்கு எங்கே போவது? கப்பலில் வந்தால்தான் உண்டு.

இந்த நிலையில்தான் 1937இல் பீளமேட்டில் இருந்த நாயுடு அவர்களின் தொழிற்சாலையிலிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்ற பெருமை அதற்கு உண்டு. இதில் அவரோடு தோள் கொடுத்து உழைத்தவர் டி. பாலசுந்தரம் நாயுடு. இவர்தான் பிற்பாடு டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கியவர். இன்றைக்குக் கோவை என்றால் மோட்டாரும் பம்ப்செட்டும் என்று ஆகிவிட்டதே, அதற்கு விதை போட்டவர்களில் இந்த இருவரும் முக்கியமானவர்கள்.

நண்பர்களே, மோட்டார் என்றால் நமக்கு உடனே காந்தமும் காயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் உள்ளே எவ்வளவு சக்தி பிறந்தாலும் அது வெளியே வருவது ஒரு விரல் கனமுள்ள ஷாஃப்ட் வழியாகத்தான். அந்த ஷாஃப்ட்டிலிருந்து புல்லிக்கு அது போவது ஒரு சின்ன இரும்புத் துண்டின் வழியாகத்தான். அதுதான் கீ. பட்டறை அண்ணன் எனக்குச் செய்துகாட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அண்ணன் போட்ட கணக்கு

அரை எச்.பி. மோட்டார் 1440 சுற்றில் தருகிற முறுக்குவிசை சுமார் 2.5 நியூட்டன் மீட்டர். கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் 14 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டின் ஆரம் வெறும் 7 மில்லிமீட்டர். 2.5ஐ 0.007ஆல் வகுத்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் மேல் பரப்பில் சுமார் 350 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 36 கிலோ எடை! மோட்டார் கிளம்பும்போதும் வேலை திடீரென்று மாட்டிக்கொள்ளும்போதும் இது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். இவ்வளவையும் நான் ஒரு கிரப் ஸ்க்ரூவின் முனையும் டப்பாத் தகடும் தாங்கும் என்று நம்பியிருக்கிறேன்.

அண்ணன் பழைய புல்லியைத் தூரப் போடச் சொன்னார். துளை சின்னதாக இருந்த புதுப் புல்லி ஒன்றை எடுத்து லேத்தில் மாட்டி, கையால் தள்ளினால் ஏறுகிற அளவுக்கு, ஆட்டம் இல்லாமல், 14 மில்லிமீட்டருக்குப் போர் செய்தார். கீ காடி வெட்ட அவரிடம் ஸ்லாட்டிங் மெஷின் கிடையாது. லேத்தையே அதற்குப் பயன்படுத்தினார். சக்கைச் சுற்றாமல் பூட்டிவிட்டு, 5 மில்லிமீட்டர் அகலமுள்ள டூலைத் துளைக்குள் நுழைத்து, கேரியேஜைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை ஆழம் சுரண்டி எடுத்தார். அரை மணி நேரம் ஆனது. எனக்குக் கை வலித்தது, ஏனென்றால் பாதி நேரம் தள்ளியது நான்தான்!

5க்கு 5 கீ. ஷாஃப்ட் காடியின் ஆழம் 3 மில்லிமீட்டர், புல்லிக் காடியின் ஆழம் 2.3. கூட்டினால் 5.3. கீயின் உயரம் 5தான். மீதி 0.3 மேலே இடைவெளி. இது தப்பில்லை, இப்படித்தான் இருக்க வேண்டும். கீ பிடிக்க வேண்டியது இரண்டு பக்கவாட்டிலும்தான், தலையில் இல்லை. தலையில் இடித்தால் புல்லி ஒரு பக்கமாக ஒதுங்கி ஆட ஆரம்பிக்கும். டேபிளில் இருந்த எண்களுக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

கடைசியில் கீயின் தலைக்கு நேர் மேலே கிரப் ஸ்க்ரூ. அதன் வேலை சுற்றுகிற விசையைத் தாங்குவது இல்லை. புல்லி வெளியே நகர்ந்து வராமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். வெறும் ஷாஃப்ட்டில் கிரப் ஸ்க்ரூவை முறுக்கினால் அது ஷாஃப்ட்டைக் கீறி பிசிர் எழுப்பும். அப்புறம் புல்லி கழலாது. சுத்தியலால் அடித்தால் பேரிங் போகும். வேறு வழியில்லாமல் கீ இல்லாத ஷாஃப்ட்டில் மாட்ட வேண்டியிருந்தால், ஸ்க்ரூ உட்காரும் இடத்தை அரத்தால் தட்டையாக அராவிக்கொள்ள வேண்டும். அதுவும் சின்ன வேலைக்கு மட்டும். புல்லி ஷாஃப்ட்டின் நுனியில் தொங்கக் கூடாது, மோட்டார் பக்கமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பெல்ட்டுக்கும் புல்லிக்கும் ஒரு மூடி போட்டுவிட்டுத்தான் சுவிட்சைத் தொட வேண்டும்.

இந்த மூடியை மட்டும் நான் முதலிலேயே போட்டிருந்தால் குடம் தப்பியிருக்கும்.

வென்றதும் தோற்றதும்

நாயுடு அவர்களின் வாழ்க்கையில் வெற்றி மட்டும்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று அறிவித்தார். 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் செய்து காட்டினார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் தெருவுக்கு வராமலே போனது. அரசின் வரிக் கொள்கையை எதிர்த்து, தான் செய்த பொருட்களையே பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து நொறுக்கிய கோபக்காரரும் அவர்தான். அது சரியா, தப்பா என்று இன்றும் வாதம் செய்யலாம். ஒரு பொருளைச் செய்யத் தெரிந்தால் மட்டும் போதாது, அதை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

நமக்கு மிகவும் நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்பு படித்த அந்த மனிதர் 1945இல் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கக் காரணமாக இருந்தார். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. அவிநாசி ரோட்டில் இன்றும் பஸ் கண்டக்டர்கள் ஹோப் காலேஜ் என்று கூவுகிறார்களே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆனால் நாயுடு அதில் நீடிக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு என்பது காலத்தை வீணாக்குவது, சரியாகச் சொல்லிக்கொடுத்தால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவருடைய கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு போதுமா? +2 முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த நண்பர்கள் கை தட்டுவார்கள் என்று தெரியும்! எனக்கு இதில் முழு சம்மதம் இல்லை. கணக்கு தெரியாமல் கை மட்டும் தெரிந்திருந்தால் 36 கிலோ எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் என் கதையைத் திருப்பிப் பாருங்கள். மூன்று ஆண்டில் இரண்டு முடித்தவன் நான். கீயின் படத்தை ஸ்கேல் வைத்துப் போட்டவன். ஒரு நாள்கூட ஒரு கீயை அராவி உட்கார வைத்ததில்லை. அந்த மனிதர் எதைப் பார்த்துக் கோபப்பட்டாரோ, அதுவாகவே நான் இருந்தேன்.

நிறைவாக...

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். கோவை அவிநாசி ரோட்டில் அவர் பெயரிலான தொழில் கண்காட்சியில் அவருடைய கருவிகளை இன்றும் பார்க்கலாம். அதே ரோட்டில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான். அடுத்த தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குக் கோவை போகலாம் என்று மாணவர் சங்கத்துக்கு இந்த மலர் மூலமாகவே மனு கொடுக்கிறேன்!

பட்டறை அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த கீயை நானே அராவி எடுத்துக்கொண்டு வந்து அவரிடம் காட்ட வேண்டும். காட்டினேன். முதல் இரண்டையும் தூக்கிப் போட்டார், ஆட்டம் இருக்கிறதாம். மூன்றாவதைக் காடியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தலையை ஆட்டினார். பரீட்சையில் வாங்கிய எந்த மார்க்கும் எனக்கு அந்தத் தலையாட்டலுக்கு ஈடில்லை.

பி.இ. படித்தவர்கள் மேலே, ஐ.டி.ஐ. படித்தவர்கள் கீழே, நடுவில் நாம் எதற்கு என்று கேன்டீனில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். ஷாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இருப்பது கீ. சின்னதுதான், வெளியே தெரியாதுதான். அது இல்லாவிட்டால் மோட்டார் சும்மா சுற்றும், மெஷின் நிற்கும். வரைபடம் போடுகிறவருக்கும் வேலை செய்கிறவருக்கும் நடுவில் இருந்து சக்தியைக் கடத்துகிறவர்கள் நாம். ஆட்டம் இல்லாமல் பொருந்தி நிற்போம்!

லேத் இப்போதும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. மூடி போட்டுத்தான். தங்கைக்குப் புதுப் பம்பரம் ஒன்று கடைந்து கொடுத்தேன். அம்மாவுக்குப் புதுக் குடம் இன்னும் பாக்கி.



— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை